குடியேற்ற விண்ணப்பத்துக்கு ரெஸ்யூமேயும் கவர் லெட்டரும் எழுதுவது எப்படி?

வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில் கொஞ்சம் மினுக்கல் இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ‘குழுவை வழிநடத்தினேன்’ என்று எழுதியிருந்தால், அது இரண்டு பேர் குழுவாகவும் இருக்கலாம் என்பது படிக்கும் மேலாளருக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் நேர்காணலில் கேட்டுக்கொள்வார். அதே தாளைத் திறன்சார் குடியேற்ற விண்ணப்பத்தோடு இணைக்கும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது. உங்களை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஓர் அதிகாரி, அதன் ஒவ்வொரு வரியையும் அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, விசா படிவம் இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்ற ஆராய்ச்சியெல்லாம் அவருக்கு வேண்டாம். சொன்னதற்குச் சான்று இருக்கிறதா, ஒரு தாள் இன்னொரு தாளோடு முரண்படுகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

முதல்முறை விண்ணப்பிப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அழகான டெம்ப்ளேட் தேடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. யார் படிக்கப்போகிறார்கள் என்று யோசிப்பது கடைசியில்தான் நடக்கிறது, பல நேரம் நடப்பதே இல்லை.

படிப்பவர் யார்?

படிப்பு, வேலை அனுபவம், மொழித்தேர்ச்சி, வயது போன்றவற்றை எடைபோட்டு, ஒரு நாடு வெளியாட்களைத் தன் மண்ணில் வேலை செய்து வாழ அனுமதிப்பதைத்தான் திறன்சார் குடியேற்றம் என்கிறோம். வழிகள் நாட்டுக்கு நாடு மாறும். கனடா 2015 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையைத் தொடங்கியது. அதில் விண்ணப்பதாரர்களைப் புள்ளிகளால் வரிசைப்படுத்தி, மேலே இருப்பவர்களை அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் புள்ளி அடிப்படையிலான விசாவுக்குக் குறைந்தது 65 புள்ளிகள் வேண்டும்; அதற்கு முன்பே, உங்கள் தொழிலுக்கென்று உள்ள அமைப்பு உங்கள் திறனை மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும். பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு, உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் வேலை கொடுத்து ஸ்பான்சர் செய்தாக வேண்டும். ஜெர்மனி 2024 ஜூன் 1 முதல் ‘சான்சன்கார்ட்டே’ என்ற வாய்ப்பு அட்டையைத் தருகிறது. கையில் வேலை இல்லாமலே அங்கே போய் வேலை தேட அது வழிசெய்கிறது.

வழி எதுவானாலும் உங்கள் ரெஸ்யூமேயைப் படிப்பவர்கள் இரண்டே வகை. ஒருவர் தேர்ந்தெடுப்பவர், அதாவது வேலை கொடுக்கும் நிறுவனம். இன்னொருவர் சரிபார்ப்பவர். குடியேற்ற அதிகாரியும் திறன் மதிப்பீட்டு அமைப்பில் உங்கள் கோப்பைப் பார்ப்பவரும் இந்த வகை.

தேர்ந்தெடுப்பவருக்குப் பொருத்தமானதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடலாம். ஏழு வருடத்துக்கு முன்பு மூன்று மாதம் பார்த்த ஒரு தற்காலிக வேலை அவருக்கு வேண்டாத விஷயம். சரிபார்ப்பவருக்கு அந்த மூன்று மாதம் வேண்டும். அதை விட்டால் அங்கே ஓர் ஓட்டை தெரியும். விசா படிவத்தில் அதைக் குறிப்பிட்டு ரெஸ்யூமேயில் விட்டிருந்தால், ஓட்டை முரண்பாடாகிவிடும். ஆகவே ஒரே வேலை வாழ்க்கைக்கு இரண்டு தாள்கள் தேவைப்படுகின்றன. நீளமும் அழுத்தமும் வேறுபடலாம். தேதி, பதவி, நிறுவனத்தின் பெயர் இவை மட்டும் இம்மிகூட வேறுபடக் கூடாது.

அப்புறம், எல்லா நாட்டு அரசுகளும் ரெஸ்யூமே கேட்பதில்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வரலாற்றைப் படிவத்தில்தான் நிரப்ப வேண்டும். சான்றாகக் கேட்பது நிறுவனம் தரும் அனுபவக் கடிதத்தை. ஆஸ்திரேலியாவில் பொறியாளர்களை மதிப்பிடும் இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா, தன் பொறியியல் திறனைத் தானே விவரித்து எழுதித் தரும் ‘திறன் அறிக்கை’ வழியில் வருபவர்களிடம் மூன்று பக்கத்துக்குள் அடங்கும் ரெஸ்யூமேயையும் கேட்கிறது. வேலையில்லாமல் இருந்த காலத்தையும் அதில் காட்ட வேண்டும். ஜெர்மன் விசாவுக்குப் பொதுவாக அட்டவணை வடிவ வாழ்க்கைக்குறிப்பும், ஏன் வர விரும்புகிறீர்கள் என்று விளக்கும் கடிதமும் கேட்பார்கள். எனவே எழுத உட்காரும் முன் அந்தந்த அரசின் தளத்தில், அந்தந்த விசாவுக்கான ஆவணப் பட்டியலைப் படித்துவிடுங்கள். யாரோ ஒருவர் யூடியூபில் இரண்டு வருடத்துக்கு முன்பு சொன்னதை நம்பி இறங்க வேண்டாம். இந்தத் துறையில் விதிகள் அடிக்கடி மாறும். கனடாவில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்துவந்த கூடுதல் புள்ளிகள் 2025 மார்ச்சில் நீக்கப்பட்டன. பழைய வீடியோக்கள் இன்னமும் அந்தப் புள்ளிகளைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

முதலில் ஒரு தாய்ப் பட்டியல்

ரெஸ்யூமேயை நேரடியாக எழுத ஆரம்பிக்காதீர்கள். எக்செலிலோ சாதாரண நோட்டிலோ ஒரு முழுப் பட்டியல் போடுங்கள். கனடாவின் படிவங்களில் கடந்த 10 ஆண்டுகளின் வரலாற்றை இடைவெளி இல்லாமல் கேட்பார்கள். 18 வயது முடிந்து 10 ஆண்டு ஆகவில்லை என்றால் 18 வயதிலிருந்து. அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். படித்த காலம், வேலை பார்த்த காலம், வேலை தேடிய காலம், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கூட இருந்த காலம், எல்லாமே இந்தப் பட்டியலில் வர வேண்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் நிறுவனத்தின் சட்டப்படியான முழுப்பெயர், முகவரி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வகித்த பதவிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், மேலதிகாரி யார், கையில் என்ன சான்று இருக்கிறது என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். அது காலியாக இருக்கும் வரிகளே உங்கள் விண்ணப்பத்தின் பலவீனமான இடங்கள். நாலு நாளில் நிரப்பிவிடலாம் என்று நினைத்தால், பழைய நிறுவனத்தின் மனிதவளத் துறை மின்னஞ்சலுக்குப் பதில் போடவே வாரங்கள் ஆகும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அழைப்பு வந்தபின் முழு விண்ணப்பம் கொடுக்க 60 நாள்தான் அவகாசம். கடிதம் கேட்டு அலைவதை அழைப்பு வரும்வரை தள்ளிப்போட்டால் மூச்சு முட்டிவிடும்.

தேதிகளில் மாதம் கட்டாயம் இருக்க வேண்டும். ‘2018–2020’ என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும் பாருங்கள். 2018 டிசம்பரில் சேர்ந்து 2020 ஜனவரியில் விலகியவரும் அப்படித்தான் எழுதுவார். 2018 ஜனவரியில் சேர்ந்து 2020 டிசம்பரில் விலகியவரும் அப்படித்தான் எழுதுவார். முதலாமவருக்கு அனுபவம் 14 மாதம், இரண்டாமவருக்கு 36 மாதம். புள்ளிக் கணக்கில் இது மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வருடத்தை மட்டும் போடுபவர் எதையோ மறைக்கிறார் என்ற எண்ணமும் அதிகாரிக்கு எழலாம்.

மணிக்கணக்குக்கும் இதே கதைதான். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அடங்கும் ஒரு பிரிவான கனடாவின் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் ஓர் ஆண்டு அனுபவம் என்பது 1,560 மணி நேரம். வாரத்துக்கு 30 மணி வீதம் 52 வாரம். வாரத்துக்கு 15 மணி பகுதிநேரம் பார்த்தவருக்கு அதே ஓர் ஆண்டைச் சேர்க்க 24 மாதம் ஆகும். அதே சமயம், வாரத்துக்கு 60 மணி உழைத்தவர் ஆறு மாதத்தில் ஓர் ஆண்டைச் சேர்த்துவிட முடியாது. 30 மணிக்கு மேல் உழைத்ததைக் கணக்கில் எடுப்பதில்லை. ‘முழுநேரம்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், வாரத்துக்கு எத்தனை மணி என்று எண்ணில் எழுத வேண்டியதன் காரணம் இதுதான்.

ஒரே நிறுவனத்தில் பதவி உயர்வு பெற்றிருந்தால் அதை ஒரே வரியில் சுருக்காதீர்கள். ஒவ்வொரு பதவிக்கும் தனித் தேதி, தனிப் பொறுப்புகள். ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

பதவியின் பெயரும் பார்த்த வேலையும்

குடியேற்றத் துறைகள் வேலைகளை எண்களால் அடையாளம் காண்கின்றன. கனடாவில் அந்தப் பட்டியலுக்கு என்.ஓ.சி. (தேசியத் தொழில் வகைப்பாடு) என்று பெயர், அதன் 2021 பதிப்பை எக்ஸ்பிரஸ் என்ட்ரி 2022 நவம்பர் 16 முதல் பின்பற்றுகிறது. ஆஸ்திரேலியா நீண்ட காலம் ஆன்ஸ்கோ என்ற பட்டியலை வைத்திருந்தது. அதன் இடத்துக்கு ஆஸ்கா என்ற புதிய பட்டியல் 2024 டிசம்பரில் வெளியானது. உங்கள் விசிட்டிங் கார்டில் என்ன பட்டம் அச்சாகியிருக்கிறது என்பதைவிட, நீங்கள் தினமும் செய்த வேலை எந்த எண்ணின் விளக்கத்தோடு பொருந்துகிறது என்பதைத்தான் இவர்கள் பார்க்கிறார்கள்.

‘அக்கவுண்டன்ட்’ என்ற பதவியையே எடுத்துக்கொள்வோம். ஊரெல்லாம் புழங்கும் பெயர். கனடாவின் பட்டியலில் அந்தப் பெயரோடு வருபவர் மூன்று வெவ்வேறு இடங்களில் உட்காரலாம். 11100 என்பது நிதித் தணிக்கையாளர்களும் கணக்காளர்களும். 12200 கணக்குப் பதிவாளர்களுக்கு உரியது. 14200 கணக்குப் பிரிவு எழுத்தர்களுக்கு. ஐந்து இலக்கத்தில் இரண்டாவது இலக்கத்தைக் கவனியுங்கள்: 1, 2, 4. அதை டியர் என்ற நிலையாகச் சொல்வார்கள். அந்த வேலைக்கு எவ்வளவு படிப்பும் பயிற்சியும் தேவை என்பதை அது காட்டுகிறது. ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் 0 முதல் 3 வரையிலான நிலைகளில் இருக்கும் அனுபவம் மட்டுமே செல்லும். 14200-இல் போய் விழுந்தால் எத்தனை வருட அனுபவம் இருந்தும் அந்த வழியில் பயன் இல்லை.

இப்போது ஒருவர் தன் ரெஸ்யூமேயில் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

‘கணக்குகளுக்குப் பொறுப்பு. பில்கள், பணம் செலுத்துதல், நிறுவனத்தின் தினசரிக் கணக்கு வேலைகள்.’

இதைப் படிக்கும் யாருக்கும் எழுத்தர் வேலைதான் கண்முன் வரும். ஆனால் அவர் உண்மையில் செய்தது என்ன என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் வேறு கதை வெளிவரும். மாதக் கடைசியில் பேரேட்டை முடித்து இருப்பாய்வு தயாரித்தது அவர். வங்கிக் கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்த்ததும், ஊழியர் சம்பளத்தைக் கணக்கிட்டதும், வரிப் படிவங்களைத் தயாரித்ததும் அவரே. அப்படியானால் எழுத வேண்டியது இது:

‘நிறுவனத்தின் பொதுப் பேரேட்டைப் பராமரித்தேன், மாத இறுதிப் பதிவுகளைப் போட்டு இருப்பாய்வு தயாரித்தேன். மூன்று வங்கிக் கணக்குகளை மாதந்தோறும் ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். 40 ஊழியர்களின் சம்பளக் கணக்கையும் காலாண்டு வரிப் படிவங்களையும் தயாரித்தேன்.’

இது 12200-இன் பக்கம் தெளிவாகச் சாய்கிறது. (உண்மையான தாள் அந்தந்த நாடு கேட்கும் மொழியில் இருக்கும்; சாரம் புரியட்டும் என்று இங்கே தமிழில் தந்திருக்கிறேன்.) புதிதாக ஒரு பொய்யும் சேர்க்கவில்லை. செய்த வேலையைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். இவரே நிதி அறிக்கைகளை ஆராய்ந்து நிர்வாகத்துக்கு ஆலோசனை சொன்னவராக, கணக்கு முறையையே திட்டமிட்டு அமைத்தவராக இருந்தால் 11100-ஐ நோக்கலாம். இல்லையென்றால் அதற்கு ஆசைப்படக் கூடாது. கனடாவின் விதிப்படி, நீங்கள் சொல்லும் எண்ணின் தொடக்க விளக்கத்தில் உள்ள வேலையையும், முக்கியப் பணிகளில் கணிசமானவற்றையும் செய்திருக்க வேண்டும். இன்றியமையாதவை எல்லாம் அவற்றில் அடங்க வேண்டும்.

‘சரி, அந்தப் பட்டியலில் உள்ள வாக்கியங்களையே அப்படியே எடுத்துப் போட்டுவிட்டால் என்ன?’ என்று பலருக்குத் தோன்றும். அது கெடுதல். அதிகாரிகள் அந்தப் பட்டியலைத் தினமும் பார்ப்பவர்கள். ஈயடிச்சான் காப்பியை ஒரே பார்வையில் கண்டுகொள்வார்கள். நிறுவனம் கொடுத்த கடிதத்திலும் அதே வாக்கியங்கள், ரெஸ்யூமேயிலும் அதே வாக்கியங்கள் என்றால், கடிதத்தை எழுதியது யார் என்ற கேள்வி எழும். பட்டியலை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, நீங்கள் கையாண்ட மென்பொருள், இயந்திரம், ஊழியர் எண்ணிக்கை, திட்டத்தின் அளவு என்று உங்களுக்கே உரிய விவரங்களோடு சொந்தமாக எழுதுங்கள். அந்த விவரங்களை வேறு யாரும் எழுத முடியாது என்பதால்தான் அவற்றுக்கு மதிப்பு.

சரிபார்ப்பவருக்கான ரெஸ்யூமே

வடிவத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மேலே பெயர், தொடர்பு விவரம். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில். ஒரு சான்றிதழில் முழுப்பெயரும் இன்னொன்றில் சுருக்கமும் இருந்தால் ரெஸ்யூமேயில் பாஸ்போர்ட்டைப் பின்பற்றிவிட்டு, வேறுபாட்டைக் கடிதத்தில் சொல்லிவிடலாம். பிறகு வேலை அனுபவம், அண்மையில் உள்ளதிலிருந்து பின்னோக்கி. பிறகு படிப்பு, தொழில் உரிமங்கள், பயிற்சிகள், மொழித் தேர்வு மதிப்பெண். மொழிக்கு ‘சரளம்’ என்று எழுதுவதில் பயனில்லை. தேர்வின் பெயர், தேதி, மதிப்பெண். அலங்கார நெடுவரிசைகள், திறமையைக் காட்டும் வண்ணப் பட்டைகள், பொன்மொழிகள் எதுவும் தேவையில்லை.

இந்தத் தாளுக்கு உயிர் கொடுப்பது நிறுவனத்தின் அனுபவக் கடிதம். பணியிலிருந்து விலகும்போது தரும் ரிலீவிங் லெட்டரில் பெரும்பாலும் பதவியும் தேதியும் மட்டுமே இருக்கும், அது போதாது. கனடா கேட்கும் கடிதம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், தொடர்பு விவரங்களோடு, மேலதிகாரி அல்லது மனிதவளத் துறை அதிகாரியின் பெயர், பதவி, கையொப்பத்தோடு இருக்க வேண்டும். அதில் வகித்த பதவிகள், ஒவ்வொன்றின் பொறுப்புகள், வேலை பார்த்த தேதிகள், வாரத்துக்கான மணிநேரம், ஆண்டுச் சம்பளமும் இதர படிகளும் வர வேண்டும். உங்கள் ரெஸ்யூமேயையும் இந்தக் கடிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு விரலால் தேதிகளையும் பதவிகளையும் தொட்டுக்கொண்டே போங்கள். அதிகாரி செய்யப்போவதும் அதையேதான்.

நிறுவனம் பொறுப்புகளை எழுதித் தர மறுத்தால்? இது சர்வ சாதாரணம். நிறைய பெரிய நிறுவனங்களில் கொள்கையே அப்படி. அப்போது வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு, வரி ஆவணம் ஆகியவற்றோடு, உங்கள் வேலையை நேரில் அறிந்த மேலதிகாரியோ சக ஊழியரோ தரும் உறுதிமொழிப் பத்திரத்தைச் சேர்க்கலாம். நிறுவனத்திடம் கேட்டதற்கும் அவர்கள் மறுத்ததற்கும் மின்னஞ்சல் ஆதாரம் இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டு, வாய்மொழியாக மறுத்தால் காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் கேட்பதை எழுத்தில் கேளுங்கள்.

வேலை கொடுப்பவருக்கு அனுப்புவது

இதைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்பதால் குடியேற்றத்தோடு தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறேன். கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் நிறுவனங்களுக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில் புகைப்படம், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, பெற்றோர் பெயர் எதுவும் வேண்டாம். பாகுபாட்டுக்கு இடம்கொடுக்கும் விவரங்களைப் பார்ப்பதையே அங்குள்ள நிறுவனங்கள் தவிர்க்கப் பார்க்கும். ஜெர்மனியில் புகைப்படம் வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது, ஆனால் கட்டாயமில்லை. பாஸ்போர்ட் எண்ணை எந்த நாட்டு நிறுவனத்துக்கும் ரெஸ்யூமேயில் எழுதி அனுப்பாதீர்கள்.

ஒன்றிரண்டு பக்கம் போதும். ஆஸ்திரேலியாவில் மூன்று பக்கம் போனாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் மென்பொருள் வடிகட்டுகிறது என்பதால் அட்டவணை, படம், இரட்டைப் பத்தி இல்லாத எளிய கோப்பு நல்லது. வேலை அறிவிப்பில் உள்ள சொற்கள் உங்களுக்கும் பொருந்துமானால் அதே சொற்களைப் பயன்படுத்துங்கள். ஸ்பான்சர் தேவையா, ஏற்கெனவே வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்பதை ஒளிக்காமல் ஒரு வரியில் சொல்லிவிடலாம். பிரிட்டனுக்கு முயல்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு அரசே வெளியிடுகிறது. அதில் இல்லாத நிறுவனத்துக்கு எவ்வளவு அருமையான கவர் லெட்டர் எழுதினாலும், இப்போதைக்கு அவர்களால் உங்களை ஸ்பான்சர் செய்ய முடியாது.

கவர் லெட்டர்: ஒரே பெயர், மூன்று கடிதங்கள்

‘கவர் லெட்டர் வேண்டும்’ என்று யாராவது சொன்னால், எந்தக் கடிதம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனத்துக்கு எழுதுவது ஒன்று. இந்த வேலைக்கு நான் ஏன் பொருத்தம் என்பதை முக்கால் பக்கத்தில், இரண்டு உருப்படியான எடுத்துக்காட்டுகளோடு சொன்னால் போதும். ‘உங்கள் நாட்டில் குடியேற வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு’ என்பதை இங்கே எழுதாதீர்கள். அந்த மேலாளருக்கு ஆள் தேவை. உங்கள் கனவு அவருடைய பிரச்சினை இல்லை.

ஜெர்மன் விசாவுக்கு எழுதும் நோக்கக் கடிதம் இன்னொன்று. உங்கள் படிப்பு என்ன, அங்கே எந்தத் துறையில் எந்த மாதிரி வேலை தேடப்போகிறீர்கள், இதுவரை என்ன முயற்சி செய்திருக்கிறீர்கள், வேலை கிடைக்கும்வரை செலவை எப்படிச் சமாளிப்பீர்கள் என்பவை அதில் வர வேண்டும். ஒரு திட்டம் இருக்கிறது என்பதைக் காட்டும் கடிதம் அது. அந்நாட்டின் பண்பாட்டைப் புகழும் பத்திகள் இடத்தைத்தான் அடைக்கும்.

மூன்றாவது, குடியேற்ற அதிகாரிக்கு எழுதும் விளக்கக் கடிதம். என் கணக்கில் இந்த மூன்றில் மிக முக்கியமானது இதுதான். மிக மோசமாக எழுதப்படுவதும் இதுதான். பலர் இதைக் கருணை மனுவாக எழுதிவிடுகிறார்கள். ‘தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்’ என்று தொடங்கி, குடும்பக் கஷ்டம், பிள்ளைகளின் எதிர்காலம் என்று போய், கடைசியில் அந்த நாட்டின் பனிமழையில் வந்து முடியும். அதிகாரிக்கு இதில் எதுவும் உதவாது. புள்ளிகளுக்கும் தகுதிக்கும் வெளியே போய் இரக்கம் காட்ட அவருக்கு இந்தப் பிரிவில் அனேகமாக இடமே இல்லை.

அவருக்கு உதவுவது வேறு. கோப்பைப் புரட்டும்போது எங்கே அவருக்குக் கேள்வி எழும் என்பதை முன்கூட்டியே ஊகித்து, அந்த இடத்துக்குப் பதிலையும் சான்றையும் கொடுப்பது. வேலையில்லாத எட்டு மாதம், பாதியில் பெயர் மாறிய நிறுவனம், மூடப்பட்டுவிட்ட நிறுவனம், சம்பளத்தின் ஒரு பகுதி ரொக்கமாக வந்தது, ஒரே காலத்தில் இரண்டு வேலை, முன்பு ஒரு நாட்டில் விசா மறுக்கப்பட்டது என்று இப்படிப்பட்ட இடங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது, எப்போது, ஏன், சான்று எங்கே என்று நாலைந்து வரிகள். மாதிரிக்கு ஒன்று:

‘2019 ஏப்ரல் முதல் 2019 நவம்பர் வரை நான் வேலையில் இல்லை. முந்தைய நிறுவனம் 2019 மார்ச் 29 அன்று எங்கள் பிரிவை மூடியது. அதற்கான கடிதம் இணைப்பு 6-இல் உள்ளது. இந்தக் காலத்தில் பெற்றோருடன் தங்கி வேலை தேடினேன். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தொழில்சார் பயிற்சி ஒன்றை முடித்தேன் (இணைப்பு 7). இந்த எட்டு மாதங்களை வேலை அனுபவத்தில் சேர்க்கவில்லை.’

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். அதிகாரியின் மனதில் அடுத்து எழும் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது. வருத்தமும் இல்லை, சப்பைக்கட்டும் இல்லை. இடைவெளி இருப்பது குற்றம் இல்லை. எல்லோர் வாழ்க்கையிலும் இருக்கும். அதை மூடிமறைக்கத் தேதிகளை இழுத்து நீட்டுவதுதான் விபரீதம்.

கடிதத்தின் தொடக்கத்தில் எந்த விசாப் பிரிவு, விண்ணப்ப எண் என்ன, முதன்மை விண்ணப்பதாரர் யார், உடன் வருபவர்கள் யார் என்று இரண்டு வரி. கடைசியில் இணைப்புகளின் பட்டியல். அதில் உள்ள எண்ணும் கோப்பின் பெயரும் ஒன்றாக இருந்தால் தேடுபவருக்கு வேலை மிச்சம். மொத்தமே ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டினால், விளக்கம் தேவைப்படாத ஒன்றை விளக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

ஏஜென்டும் டெம்ப்ளேட்டும்

‘ரெஸ்யூமே, கவர் லெட்டர், அனுபவக் கடிதம் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் ஏஜென்டைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். எழுத்து நடையைத் திருத்த உதவுவது வேறு, இல்லாத அனுபவத்தை உருவாக்கித் தருவது வேறு. பொய்யான தகவலோ போலி ஆவணமோ தந்ததாகக் கண்டால் கனடா ஐந்து ஆண்டுக்குத் தடை விதிக்கும். ஆஸ்திரேலியாவில் அதற்கு மூன்று ஆண்டுத் தடை வரலாம். யார் தயாரித்துத் தந்தார்கள் என்பது பொதுவாக எடுபடாது. கையெழுத்து உங்களுடையது, தடையும் உங்களுக்குத்தான். இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவுக்குத் தரும் திறன் அறிக்கையில் மூன்று பணிக்கால விவரிப்புகளைத் தன்மையில், ‘நான் செய்தேன்’ என்று எழுத வேண்டும். விலைக்குக் கிடைக்கும் மாதிரிகளை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் அது சிக்கும்.

உதவி தேவைதான் என்றால் உரிமம் பெற்றவர்களிடம் போங்கள். கனடாவுக்கு அந்நாட்டுக் குடியேற்ற ஆலோசகர் ‘கல்லூரி’யிலும் (பெயர் அப்படியிருந்தாலும் அது ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பு), ஆஸ்திரேலியாவுக்குக் குடியேற்ற முகவர் பதிவு ஆணையத்திலும் பெயர் பதிந்தவர்கள்தான் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் உரிமையுள்ளவர்கள். வழக்கறிஞர்களுக்கும் அந்த உரிமை உண்டு. இரண்டு அமைப்புகளின் தளத்திலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

அனுப்புவதற்கு முன்பும் பின்பும்

லிங்க்ட்இன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ரெஸ்யூமேயில் ‘கணக்குப் பதிவாளர்’ என்றும், அங்கே ‘நிதி மேலாளர்’ என்றும் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். அரசுத் தரப்பில் பொதுவெளியில் தேடிப் பார்க்க எந்தத் தடையும் இல்லை. நிறுவனக் கடிதத்தில் உள்ள தொலைபேசி எண் இப்போதும் வேலை செய்கிறதா, கையெழுத்துப் போட்டவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று கேட்டு வையுங்கள். விசாரிக்க அழைத்தால் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதைச் சொல்ல அவருக்கு ஞாபகம் இருக்க வேண்டும்; அனுப்பிய கடிதத்தின் ஒரு நகலை அவருக்கும் கொடுத்துவிடுவது நல்லது. பிற மொழியில் உள்ள ஆவணங்களுக்கு அந்த நாடு ஏற்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். நீங்களே மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டால் செல்லாது.

விண்ணப்பம் போன பிறகு வேலை மாறினாலோ, திருமணமானாலோ, குழந்தை பிறந்தாலோ அதைத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. அப்படித் தெரிவிக்கும்போது தாய்ப் பட்டியலிலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அனுப்பிய படிவம், ரெஸ்யூமே, கடிதம் எல்லாவற்றையும் அனுப்பிய அதே வடிவில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். விசா கிடைத்ததும் அழித்துவிடாதீர்கள். பின்னாளில் விசாவை மாற்றும்போதும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் பழைய விவரங்களைத் திரும்பக் கேட்பார்கள், இப்போது நீங்கள் எழுதிக் கொடுத்தது அப்போதும் அவர்கள் கோப்பில் இருக்கும்.